மகன் லெகோவில் கட்டிய கோபுரத்தை மற்றவர்கள் நின்று பார்க்கும்படி வைப்பது எப்படி?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். உயர்நிலை இரண்டில் படிக்கும் அவருடைய மகன் எட்டு மாதமாக லெகோ கட்டைகளில் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரத்தைக் கட்டி வருகிறான். கையேடு எதுவும் கிடையாது, எல்லாம் அவனே யோசித்துச் செய்தது. ஆறு நிலைகளில் நாலு முடிந்துவிட்டது. அடுத்த மாதம் வீட்டுக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் மூன்று நாள் பார்வைக்கு வைக்க ஒரு மேசை தருகிறார்கள். பசை போட்டு ஒட்டிவிடலாமா, கண்ணாடிப் பெட்டி வாங்க வேண்டுமா, லெகோ நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டுமா, அந்த நிறுவனமே இதைப் பின்னால் ஒரு செட்டாக வெளியிட வாய்ப்பு உண்டா என்று நாலு கேள்விகள். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள், அம்மா: "பொம்மை என்று நினைத்து எல்லாரும் கடந்து போய்விடுவார்களோ என்று அவனுக்குக் கவலை." நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதுதான் என்று எனக்குப் படுகிறது. மற்ற நாலுக்கும் பதில் இதை ஒட்டித்தான் வரும், அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் கட்டடக் கலைஞர்களின் அலுவலகங்களுக்கு மாதிரிகள் செய்து கொடுக்கும் வேலையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். அட்டை, அக்ரிலிக், மரம் எல்லாவற்றிலும் செய்திருக்கிறேன். லெகோ வேலை நேரம் முடிந்த பிறகு செய்வது, பதினொரு வருட ஆசை. அளவு, வெளிச்சம், மேசை, பெட்டி இவற்றில் நான் சொல்வதை நம்பிச் செய்யலாம். அனுமதி விஷயத்தில் நான் வழக்கறிஞர் கிடையாது, லெகோ நிறுவனம் வெளியிட்டிருக்கும் விதிகளைத் தாண்டி எதுவும் சொல்ல மாட்டேன். கோயில் வழக்கங்களில் நான் வெள்ளிக்கிழமை போய்க் கும்பிட்டு வரும் சாதாரண பக்தன், அவ்வளவுதான்.

ஒரு மாதிரியை மக்கள் மூன்று தூரங்களில் பார்க்கிறார்கள். மண்டப வாசலில் நுழையும்போது ஐந்தாறு மீட்டரில் தெரிவது அதன் வெளிக்கோடு மட்டும். "அட, மாரியம்மன் கோயில்" என்று அங்கேயே மனதில் பட்டால்தான் கால் அந்தப் பக்கம் திரும்பும். ஒரு மீட்டர் தூரத்தில் வந்து நின்றதும் கண் நிலைகளை எண்ணும், நிறங்களை மேயும். அப்புறம் குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டு போவார்கள். அந்த ஒரு சாண் தூரத்தில்தான் "இதை எப்படிச் செய்தான்" என்ற ஆச்சரியம் வரும். கட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு சாண் தூரத்திலேயே உட்கார்ந்து எல்லா மாதங்களையும் கழித்துவிடுகிறார்கள். இன்றைக்கு ராத்திரி கோபுரத்தைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, உங்கள் வீட்டுக் கதவுப் பக்கம் போய் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். எங்கே கோடு தடுமாறுகிறது என்பது அவனுக்கே தெரிந்துவிடும். இன்னும் இரண்டு நிலை மிச்சம் இருப்பது நல்லது. திருத்த வேண்டியது அங்கேதான் அதிகம்.

கோபுரத்தின் வெளிக்கோட்டில் இரண்டு விஷயம் சரியாக இருந்தால் போதும். ஒன்று, நிலைக்கு நிலை எவ்வளவு உள்வாங்குகிறது என்பது. இன்னொன்று உச்சி: வண்டிக் கூண்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் வளைந்த கூரையும் அதன்மேல் வரிசையாக நிற்கும் கலசங்களும். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒவ்வொரு நிலையும் ஒரு முழுக் குமிழ் (கட்டையின் மேல் துருத்திக்கொண்டு இருக்குமே, அது) உள்ளே போகிறது, அதனால் படிக்கட்டு மாதிரி தெரிகிறது. ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் நடுவே 8 மில்லிமீட்டர். ஜம்பர் பிளேட் என்று ஒரு துண்டு இருக்கிறது, இரண்டு குமிழ் நீளத் தட்டில் நடுவே ஒரே ஒரு குமிழ். அதைப் போட்டால் பாதி, அதாவது 4 மில்லிமீட்டர் மட்டும் உள்வாங்க முடியும். மேல் இரண்டு நிலையை அந்தப் பாதிக் கணக்கில் கட்டிப் பார்க்கட்டும். பிடித்துப்போனால் கீழ் நிலைகளையும் அவனே பிரித்து மாற்றுவான், நீங்கள் தடுக்க வேண்டாம். படம் எடுக்கும்போது ஒரு யோசனை: கோயிலுக்கு எதிர்ப்பக்கம் எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி நின்று, ஜூம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கிட்டே நின்று அண்ணாந்து எடுத்த படத்தில் மேல் நிலைகள் உண்மையைவிடச் சிறுத்துத் தெரியும். அந்தப் படத்தை வைத்துக் கட்டினால் கோபுரம் கூம்பாகிவிடும்.

அடுத்தது சிற்பங்கள். இதில் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் அந்தக் கோபுரத்தின் உயிரே அதன் சுதைச் சிற்பங்கள்தான். 1827இல் நாராயண பிள்ளையின் முயற்சியால் மரமும் அத்தாப்பு ஓலையுமாகத் தொடங்கிய கோயில் அது. இப்போது நாம் பார்க்கும் ஆறு நிலைக் கோபுரம் 1925இல் எழுந்தது. 1973இல் கோயில் தேசிய நினைவுச்சின்னமானது. இத்தனை வருடங்களில் பல தலைமுறை ஸ்தபதிகளும் வண்ணம் தீட்டுகிறவர்களும் கைவைத்த உருவங்கள் அவை, கடைசியாக 2023 குடமுழுக்குக்கு முன்பும் வேலை நடந்தது. அவ்வளவையும் பிளாஸ்டிக் கட்டையில் அப்படியே கொண்டுவர யாராலும் முடியாது, உங்கள் மகனாலும் முடியாது, என்னாலும் முடியாது. முடியாது என்று ஒப்புக்கொண்டு எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பதில்தான் ஒரு மாதிரி செய்பவரின் கண் தெரியும்.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். அவன் வாசல் கதவை வைத்திருக்கும் அளவைப் பார்த்தால் ஓர் ஆள் உயரம் இரண்டு குமிழ், 16 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. அந்த அளவில் ஆள் உயரத்தில் பாதி இருக்கும் ஒரு சிற்பம் 8 மில்லிமீட்டர்தான், ஒரு பொத்தான் அளவு. அதில் முகமும் கையும் வராது. ஆனால் ஒரு குமிழ் அகலத் துண்டுகளை இரண்டு மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், கீழே சதுரம், நடுவில் வட்டம், மேலே சின்ன நிற மாற்றம் என்று, ஒரு மீட்டர் தூரத்தில் அது நிற்கும் உருவமாகவே தெரியும். பச்சை, நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு என்று மாற்றி மாற்றி வைக்கட்டும். ஒழுங்கான வரிசையாக வைக்க வேண்டாம், பச்சை பக்கத்திலேயே இன்னொரு பச்சை எங்காவது வரட்டும். எல்லாம் சீராக இருந்தால் துணியில் அச்சிட்ட பார்டர் மாதிரி ஆகிவிடும். சுற்றுச் சுவரின்மேல் படுத்திருக்கும் பசுக்களையும் அவன் மறக்காமல் வைத்திருக்கிறான், படத்தில் பார்த்து எனக்கு ரொம்பச் சந்தோஷம். இரண்டு வெள்ளைத் துண்டில் பசு என்று தெரிகிறது. இந்த வயதில் அது லேசான விஷயம் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் முகம் வைத்த லெகோ ஆட்களை, மினிஃபிகர் என்பார்களே, அவற்றைச் சுவாமி உருவங்களுக்குப் பதிலாக வைக்க வேண்டாம். அளவு ஒரு காரணம். அந்த ஆள் 4 சென்டிமீட்டர் உயரம், நூறில் ஒரு பங்கு கோபுரத்தில் அவன் 4 மீட்டர் ராட்சதன். இன்னொரு காரணம் பார்க்க வருகிறவர்களின் மனது. விளையாட்டு முகத்தோடு சுவாமியைப் பார்த்தால் சில பெரியவர்களுக்கு வருத்தமாக இருக்கும், அவர்களைத் தப்பு சொல்ல முடியாது. நிறத்தாலும் வடிவத்தாலும் குறிப்பாகக் காட்டினால் அந்தப் பிரச்சினையே எழாது. மாதிரியைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைப்பதும், அதற்கு முன்னால் செருப்புக் குவியல் சேராமல் பார்த்துக்கொள்வதும் போதும் என்று நினைக்கிறேன். கோயில் அலுவலகத்தில் ஒரு தடவை சொல்லி ஒரு படத்தையும் காட்டிவிட்டு வாருங்கள். அது சட்டத்துக்காக இல்லை, மரியாதைக்காக. இந்தப் பத்தி என் சொந்த அபிப்பிராயம்தான், உங்கள் குடும்பப் பெரியவர்கள் வேறு மாதிரி சொன்னால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

சரி, பசைக்கு வருவோம். ஒட்ட வேண்டாம். கடைகளில் வாசலில் நிற்கும் பெரிய லெகோ உருவங்கள் ஒட்டப்பட்டவை, அது உண்மை. 2012 கடைசியில் இங்கே மரினா பே கலை அறிவியல் அரும்பொருளகத்துக்கு வந்த, லெகோவில் சிற்பம் செய்யும் அமெரிக்கக் கலைஞர் நேத்தன் சவாயாவின் சிற்பங்களும் ஒட்டியவையே. ஆனால் அவை நாடு நாடாகக் கப்பலில் போகிறவை. மூன்று நாள் மேசைக்கு அது தேவையில்லை. கட்டைகளை நன்றாகப் பிடிக்க வைக்கும் பசைகள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இணைப்பவை, அவற்றின் ஆவி மூடிய வீட்டுக்குள் பதினான்கு வயதுப் பையன் சுவாசிக்க வேண்டியது இல்லை. கடையில் கிடைக்கும் சூப்பர் குளூவோ காய்ந்ததும் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும், கறுப்பு, அடர் சிவப்புக் கட்டைகளில் அது போகவே போகாது. எல்லாவற்றையும்விட, ஒட்டிவிட்டால் அவனால் திருத்த முடியாது, பிரித்து அடுத்ததைக் கட்டவும் முடியாது.

ஒட்டாததன் அருமை எனக்கு ஒரு கெட்ட நாளில்தான் புரிந்தது. ரோச்சோர் சென்டர் உங்களுக்கு நினைவிருக்கும். 1977இல் கட்டி, பின்னாளில் நாலு புளோக்குக்கும் பளீரென்று வண்ணம் பூசி, வடக்கு தெற்கு விரைவுவழிக்காக இடித்த வீடுகள். குடியிருந்தவர்கள் போனபிறகு நான் அதைப் படம் படமாகச் சேர்த்து வைத்து லெகோவில் கட்டினேன். ஒரு கடைத்தொகுதியில் அதைப் பார்வைக்கு வைத்திருந்தபோது, ராத்திரி யாரோ இடம் தேவைப்பட்டு மேசையை மாதிரியோடு சேர்த்து நகர்த்தியிருக்கிறார்கள். காலையில் போய்ப் பார்த்தால் மஞ்சள் புளோக் பாதிக்குமேல் சரிந்து கிடக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் நான் ஒவ்வொரு புளோக்கையும் நாலைந்து மாடிக்கு ஒரு துண்டாகத்தான் கட்டியிருந்தேன், ஒரு துண்டு இன்னொன்றின்மேல் நாலே குமிழில் மட்டும் உட்கார்ந்திருந்தது. அடி வாங்கிய இடத்தில் அது அந்த இணைப்பில் கழன்றதே தவிர, உள்ளே நொறுங்கவில்லை. கடைத்தொகுதி திறப்பதற்குள் சரிசெய்துவிட்டேன். ஒட்டியிருந்தால் கட்டையே பிளந்திருக்கும்.

உங்கள் மகனும் ஒவ்வொரு நிலையையும் தனியாகக் கழற்றும்படி செய்யட்டும். ஒரு நிலையின் மேல்தளத்தை குமிழ் இல்லாத வழவழப்பான டைல் துண்டுகளால் மூடிவிட்டு, நாலு மூலையில் மட்டும் ஒவ்வொரு குமிழ் விட்டால் போதும். உள்ளே வெற்றிடமாகவே இருக்கட்டும், கனம் குறையும், நடுவில் குறுக்கே இரண்டு நீளக் கட்டை போட்டால் சுவர் உள்வாங்காது. அடியில் இருக்கும் மெல்லிய பச்சைத் தட்டு, 32 குமிழ், 25.6 சென்டிமீட்டர், தூக்கும்போது வளையும். வளைந்தால் மேலே இருப்பதெல்லாம் கழலும். அதற்குக் கீழே அதே அளவுக்கு 9 மில்லிமீட்டர் பிளைவுட் வெட்டி வையுங்கள். வண்டியில் கொண்டு போகும்போது நிலைக்கு ஒரு அட்டைப்பெட்டி, சுற்றிலும் துவாலை. பபிள் ராப் வேண்டாம், சின்னத் துண்டுகளில் மாட்டிக்கொண்டு இழுத்துவிடும். சமையலறையில் சாப்பாடு மூடும் பிளாஸ்டிக் தாளை ஒரு சுற்றுத் தளர்வாகச் சுற்றினால் எதுவும் கழன்றாலும் தொலையாது. உதிரிக் கட்டைகள் ஒரு டப்பாவிலும், நாலு பக்கமும் எடுத்த படங்கள் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

கண்ணாடிப் பெட்டி பற்றி எனக்கு இரண்டு மனது. மூன்று நாளும் யாராவது பக்கத்தில் இருப்பீர்கள் என்றால் வேண்டாம் என்பேன். அக்ரிலிக் பெட்டியில் மண்டபத்து விளக்கெல்லாம் பிரதிபலித்து, குனிந்து பார்ப்பவருக்குத் தன் முகம்தான் தெரியும். மாதிரிக்கும் மேசை விளிம்புக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டாலே சின்னப் பிள்ளைகளின் கை எட்டாது. ராத்திரி மட்டும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி, "நகர்த்த வேண்டாம்" என்று நாலு மொழியிலும் எழுதி ஒட்டுங்கள். என் ரோச்சோர் சென்டருக்கு நான் செய்யத் தவறியது அது. காவலுக்கு ஆள் இருக்காது என்றால் பெட்டி கட்டாயம், அதற்குச் செலவழியும் வெள்ளியை யோசிக்காதீர்கள்.

விளக்குக்கு வருகிறேன். சமூக மன்றங்களில் மேலே வெள்ளைக் குழல் விளக்குகள்தான் இருக்கும். அந்த வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழுந்து நிழலையே அழித்துவிடும். நிழல் இல்லாவிட்டால் அவன் பாடுபட்டுச் செய்த உள்வாங்கல்கள், சிற்ப வரிசைகள் எல்லாம் தட்டையாகிவிடும். வீட்டில் படிக்க வைத்திருக்கும் எல்இடி மேசை விளக்கு ஒன்றை இடப்பக்கம் மேலிருந்து சாய்வாக விழும்படி வையுங்கள். ஒரே ஒரு விளக்கு, ஒரே பக்கம். இரண்டாவது நிலையிலிருந்து ஆறாவது வரை ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு நிழல் கோடு விழும், கோபுரம் எழுந்து நிற்கும். பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரே நிறத் துணி. பட்டுப்புடவையைத் தொங்கவிடலாம் என்று யாராவது ஆசையாகச் சொல்வார்கள், வேண்டாம். கோபுரமே அத்தனை நிறம், பின்னாலும் நிறம் இருந்தால் இரண்டும் கரைந்துபோகும். மேசை சாதாரணமாக 75 சென்டிமீட்டர் இருக்கும். அதன்மேல் இன்னும் ஒரு 20 சென்டிமீட்டருக்குப் பெட்டி போட்டு உயர்த்துங்கள். கோபுரத்தை மேலிருந்து பார்ப்பது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. சன்னல் ஓரம் மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். மூன்று நாள் வெயிலில் நிறம் மாறாது. பல மாதம் சன்னலோரம் நின்றால்தான் வெள்ளையும் இளஞ்சாம்பலும் மஞ்சளாகத் தொடங்கும். ஆனால் கோபுரத்துக்குப் பின்னாலிருந்து பகல் வெளிச்சம் வந்தால் முன்பக்கம் கறுத்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடவும் வேண்டாம். லெகோ நிறுவனமே கட்டைகளை 40 டிகிரிக்கு மேல் சூடான நீரில் கழுவ வேண்டாம் என்கிறது. இந்த ஊரில் மூடிய கார் அதைத் தாண்டிவிடும், நீளமான தட்டுகள் வளைந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் வைக்கும் அட்டையில் என்ன எழுதுவது என்று கேட்கவில்லை, ஆனால் கடந்து போகிறவரை நிறுத்தி வைப்பது அதுதான். கோயிலின் பெயர், அவன் பெயர், எத்தனை மாதம், அதற்குக் கீழே அவன் திணறிய ஒரே ஒரு இடம். உதாரணத்துக்கு இப்படி: "இந்தத் தூண்கள் பக்கவாட்டில் திரும்பி இருக்கின்றன. ஐந்து தட்டுகளின் உயரமும் இரண்டு குமிழ்களின் அகலமும் ஒன்றே என்பதால் இது முடிந்தது." தட்டு என்பது மெல்லிய கட்டை, ஒன்று 3.2 மில்லிமீட்டர் உயரம், ஐந்து சேர்ந்தால் 16, இரண்டு குமிழும் 16. சொந்தமாக வடிவமைக்கிறவர்கள் எல்லாரும் நம்பியிருக்கும் கணக்கு இது, கட்டையைப் படுக்கவைத்துக் கட்டுவதெல்லாம் இதனால்தான் சாத்தியம். இதைப் படித்தவர் உடனே குனிந்து அந்தத் தூணைத் தேடுவார், ஒரு நிமிடம் அங்கேயே நின்றுவிடுவார். கட்டைகளின் எண்ணிக்கையை உண்மையிலேயே எண்ணியிருந்தால் மட்டும் போடுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், தமிழ் மேலே. எங்காவது ஒரு பகுதியை வேறொருவர் வெளியிட்ட வடிவமைப்பைப் பார்த்துச் செய்திருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். சொந்த வடிவமைப்பு என்று சொல்லிக்கொள்வதில் நாங்கள் எல்லாரும் கண்டிப்பாக இருக்கும் இடம் அது.

அனுமதி தேவையில்லை. வாங்கிய கட்டையில் எதையும் கட்டி யாருக்கும் காட்டலாம். லெகோ நிறுவனம் கேட்பதெல்லாம் அதன் சின்னத்தை விளம்பரத்தில் போடக் கூடாது, நிறுவனமே நடத்துவதுபோலவோ ஆதரிப்பதுபோலவோ தோன்றக் கூடாது என்பதுதான். சமூக மன்றத்தில் சுவரொட்டி அடிக்கிறார்கள் என்றால் அந்தச் சிவப்புச் சதுரச் சின்னத்தைப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "லெகோ கட்டைகளால் செய்தது" என்று வார்த்தையில் எழுதலாம். நடுவே வேறு நிறுவனக் கட்டைகள் கலந்திருந்தாலும் சமூக மன்றத்தில் யாரும் கேட்கப் போவதில்லை. 1958இல் பதிவான அந்தக் கட்டைக் காப்புரிமை காலாவதியாகிப் பல காலம் ஆகிவிட்டது, பலர் சட்டப்படியே செய்கிறார்கள். ஆர்வலர் குழுக்களின் கண்காட்சிக்குப் போவதானால் அவர்களிடம் முன்கூட்டிக் கேளுங்கள், பல குழுக்கள் அசல் கட்டை மட்டும் என்பதில் உறுதியாக இருப்பார்கள்.

செட்டாக வெளிவருமா என்பதற்குப் பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், அதனால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ரசிகர்கள் வடிவமைத்ததை நிறுவனம் எடுத்துக்கொள்ளும் வழி லெகோ ஐடியாஸ். 2008இல் ஜப்பானில் சின்னதாகத் தொடங்கியது, 2014இல் இந்தப் பெயர் வந்தது. ஒரு வடிவத்துக்கு 10,000 பேர் ஆதரவு சேர்ந்தால் நிறுவனம் பரிசீலிக்கும், தேர்வானால் வடிவமைத்தவருக்கு நிகர விற்பனையில் ஒரு சதவீதம். ஆனால் மதச் சின்னங்கள், மதக் கட்டடங்கள் எதையும் அங்கே ஏற்பதில்லை என்று விதியிலேயே இருக்கிறது. கோவிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ, எல்லாவற்றுக்கும் ஒரே விதி. எனவே இந்தக் கோபுரம் அந்த வழியில் போகாது. அவன் வேலை குறைவு என்று அர்த்தம் இல்லை, அதை அவனிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அந்தப் பாதையில் ஆசை இருந்தால் அடுத்தது ஒரு கடைவீட்டு வரிசை கட்டட்டும், முன்னால் ஐந்தடி நடைபாதையோடு. 2022இல் வந்த சிங்கப்பூர் ஸ்கைலைன் செட்டை நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ பார்க்க முடிந்தால் பார்க்கச் சொல்லுங்கள். 827 துண்டுகளில் மரினா பே சேண்ட்ஸ், லாவ் பா சாட் உணவங்காடி, ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் எல்லாம் அடங்கிவிடுகின்றன. மரினா பே சேண்ட்ஸ் மாதிரி 55 மாடிக் கட்டடத்தில் எதை விட்டால் அதுவாகவே இருக்கும் என்று அதை வடிவமைத்தவர் யோசித்ததை அவன் துண்டு துண்டாகப் படித்துப் பார்க்கலாம்.

இன்னும் ஒன்று. மூன்று நாளும் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும், முடிந்தவரை. கூச்சப்படுகிற பையன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் கையில் கழற்றி எடுத்த மாதிரித் துண்டு ஒன்று, அந்தப் பக்கவாட்டுத் தூணும் நாலு சிற்பமும் மட்டும் உள்ள ஒரு துண்டைக் கொடுங்கள். யாராவது கேட்டால் அவன் பேச வேண்டியதே இல்லை, பிரித்துக் காட்டினால் போதும். பேச்சு தானாக வரும். மேசையின் முன்பக்கம் ஒரு கிண்ணத்தில் ஒரு கைப்பிடி உதிரிக் கட்டைகளும் இருக்கட்டும். "தொடாதீர்கள்" என்று எழுதி வைத்த மேசையில் பிள்ளைகளின் கை எங்காவது போகத்தான் செய்யும். தொடுவதற்கென்று ஒன்று இருந்தால் கை அங்கே போகும், கோபுரம் தப்பிக்கும். இதை நான் கண்காட்சிக்குக் கண்காட்சி பார்த்திருக்கிறேன்.

அவனுடைய தாத்தா சின்ன வயதில் கோயிலை ஒட்டிய பகோடா ஸ்திரீட் பக்கம் வளர்ந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அவரை முதல் நாளே கூட்டிக்கொண்டு வாருங்கள், மேசைக்குப் பக்கத்தில் முதுகு சாயும் நாற்காலி ஒன்று கேட்டு வாங்கிப் போடுங்கள். வயதானவர்கள்தான் இந்த மாதிரி மாதிரிகள் முன் அதிக நேரம் இருப்பார்கள், ஆனால் நிற்க முடியாமல் போய்விடுவார்கள். என் ரோச்சோர் சென்டர் முன்னால் ஒரு பாட்டி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். தன் வீட்டுச் சன்னல் எது என்று கண்டுபிடித்துவிட்டு, அந்த மாடியில் துணி காயப்போடும் கம்பு ஒன்று குறைகிறது என்று சொன்னார். நான் அதே இடத்தில் உதிரி டப்பாவைத் திறந்து ஒரு கம்பைச் செருகினேன்.